கிளர்ச்சியாளர் என்பவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றம் வேண்டும் என்று எழுந்து நின்று, மற்றவர்களையும் எழ வைக்கிற ஒருவரைத் தமிழில் எப்படி அழைப்பது? கிளர்ச்சியாளர், போராளி, புரட்சியாளர், கலகக்காரர், செயற்பாட்டாளர் என்று சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் திருகோணமலையில் இவற்றில் எதைக் கையில் எடுத்தாலும் கூடவே ஒரு வரலாறும் வரும். செய்தி எழுதும் இளையவர்கள், மொழிபெயர்ப்பு செய்பவர்கள், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குச் சரியென்று பட்ட பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நடுவில் வைத்துப் பார்ப்பது 'கிளர்ச்சியாளர்' என்ற சொல்லை. மற்றச் சொற்கள் அதைச் சுற்றி வரும்.

'கிளர்ச்சி' என்ற சொல் எப்படி உருவானது?

'கிளர்' என்பது வினை. அதோடு 'சி' விகுதி சேர்ந்து 'கிளர்ச்சி' ஆனது. வளர் வளர்ச்சியானதும், தளர் தளர்ச்சியானதும், உணர் உணர்ச்சியானதும் இதே வழிதான்.

கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல், ஒளிவிடுதல். சங்கப் பாடல்களில் 'கிளர் பூண்' என்று வந்தால் அது மின்னுகிற அணிகலன். நம்மாழ்வார் "கிளரொளி இளமை கெடுவதன் முன்னம்" என்று ஒரு பதிகத்தையே தொடங்குகிறார். எழுந்து ஒளிர்கிற இளமை கெட்டுப்போவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய்ச் சேர் என்கிறார். அரசு, எதிர்ப்பு, ஊர்வலம் எதற்கும் அங்கே இடமில்லை. மனத்திலோ உடலிலோ ஒன்று பொங்கி எழுவதைச் சொல்ல இன்றும் 'மனக்கிளர்ச்சி' என்கிறோம். அரசியல் பொருள் இந்தப் பழைய பொருளின் மேல் பின்னால் வந்து அமர்ந்தது.

அப்படியானால் கிளர்ச்சி என்பது 'கிளறி விடுவது' இல்லையா?

இல்லை. அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிளறுவதற்கு ஒரு கை வேண்டும். சோற்றைக் கிளறுகிறோம், கோழி குப்பையைக் கிளறுகிறது. அங்கே செய்பவர் வேறு, கிளறப்படும் பொருள் வேறு. 'கிளப்பு' என்பதும் அப்படியே. திரும்பு, திருப்பு என்றும் எழும்பு, எழுப்பு என்றும் வருவதுபோல, கிளம்புவது தானாக நடக்கும், கிளப்புவதற்கு இன்னொருவர் தேவை. 'கிளர்' அப்படியல்ல. அது வளர், மலர் ஆகியவற்றின் வரிசையில் நிற்கிற தன்வினை. யாரும் போய் ஒரு பூவை 'மலர்வதில்லை', பூ மலர்கிறது. அதேபோல மக்கள் கிளர்கிறார்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உரிமை கேட்டு யார் தெருவில் இறங்கினாலும் முதலில் வரும் குற்றச்சாட்டு "யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள்" என்பதுதான். "வெளியாக்கள் வந்து சூடேத்திப் போட்டினம்" என்று நம் ஊரிலும் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! காணி பறிபோனவருக்கும் மகனைத் தேடுகிறவருக்கும் சொந்தமாக ஒரு கோபம் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிற பேச்சு அது. கிளர்ச்சி என்ற சொல்லின் இலக்கணமே அந்தப் பேச்சை ஏற்பதில்லை. எழுச்சி உள்ளேயிருந்து வருகிறது என்பதை வினையே சொல்லிவிடுகிறது. கிளர்ச்சியாளர் என்பவர் அந்த எழுச்சியைத் தன்னுள் ஏற்று முன்னால் நிற்பவர்.

ஆங்கிலத்தில் இதற்கு இணையாகச் சொல்லும் 'அஜிடேட்டர்' எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் 'அகெரே' என்றால் ஓட்டுதல், செய்தல். அதன் அழுத்தமான வடிவம் 'அகிடாரே'. 'அகிடாடோர்' என்றால் தேரோட்டி, அல்லது மாடு ஓட்டுபவர். பின்னாலிருந்து விரட்டுகிற ஆள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். நம் 'கிளர்' போகும் திசைக்கு நேர் எதிர்த் திசை.

இங்கிலாந்தில் 1647இல் இந்தப் பெயர் ஒரு பதவியாகவே இருந்தது. மன்னர் முதலாம் சார்ள்ஸை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையின் சாதாரணச் சிப்பாய்கள், நிலுவைச் சம்பளம் கேட்டும் தங்கள் குறைகளைச் சொல்லவும் படைப்பிரிவுக்கு இருவர் என்று பிரதிநிதிகளைத் தெரிவு செய்தார்கள். அவர்கள்தான் 'அஜிடேட்டர்கள்'. அதே ஆண்டின் பிற்பகுதியில் பட்னி என்ற இடத்துத் தேவாலயத்தில் நடந்த விவாதங்களில், யாருக்கு வாக்குரிமை இருக்க வேண்டும் என்று தளபதிகளுக்கு முன்னாலேயே அவர்கள் தரப்பு வாதாடியது. ஆக, முதலில் அது தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கான பெயர். 'குழப்பம் விளைவிப்பவர்' என்ற கறை பிறகுதான் படிந்தது.

'அக்டிவிஸ்ட்' என்ற சொல்லும் இதே 'அகெரே'யின் பிள்ளைதான், ஆனால் வயதில் மிக இளையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரசியல் பொருளில் புழக்கத்துக்கு வந்தது.

'தூண்டுபவர்' என்று சொல்லலாமா?

இன்று 'தூண்டினார்' என்றால் அது குற்றப்பத்திரிகையின் மொழி. ஆனால் தூண்டுதல் என்பது முதலில் விளக்கோடு தொடர்புடையது. திரியை முன்தள்ளி ஒளியைக் கூட்டுகிற சிறு கோல்தான் தூண்டுகோல். தூண்டாமல் எரிகிற மணிவிளக்கைத் தூண்டாமணிவிளக்கு என்றார்கள். திரியும் எண்ணெயும் இல்லாத இடத்தில் தூண்டுகோலுக்கு வேலையே கிடையாது. ஒரு நல்ல ஆசிரியரை 'எனக்குத் தூண்டுகோலாக இருந்தவர்' என்று இன்றும் சொல்கிறோம். அந்த நல்ல பொருள் போகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

கிளர்ச்சியாளர் என்றால் ஆயுதம் ஏந்தியவர் என்றுதானே நினைக்கிறார்கள்?

வெளிநாட்டுச் செய்திகள் செய்த வேலை அது. 'ஹூதி கிளர்ச்சியாளர்கள்', 'சிரியக் கிளர்ச்சியாளர்கள்' என்று நாள்தோறும் கேட்டால் துவக்குதானே கண்ணுக்குத் தெரியும்! இலங்கையில் 1971இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) நடத்தியதையும் 'ஏப்ரல் கிளர்ச்சி' என்றே எழுதுகிறோம். (அந்தக் காலத்தில் சனங்கள் அவர்களைச் 'சேகுவேராக்காரர்' என்றுதான் சொன்னார்கள்.)

தமிழ்நாட்டில் கதை வேறு. 1938இல் தொடங்கியதும் 1965இல் மூண்டதும் 'இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி'. மறியல், ஊர்வலம், சிறை நிரப்புதல் எல்லாம் அங்கே கிளர்ச்சி என்றே அழைக்கப்பட்டன. ஆகவே எழுதும்போது 'ஆயுதக் கிளர்ச்சி', 'அமைதிவழிக் கிளர்ச்சி' என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துவிட்டால் வாசகர் குழம்பமாட்டார்.

திருமலை நடராஜனும் தாளமுத்து, நடராசனில் வரும் நடராசனும் ஒருவரா?

இல்லை, இருவர். மொழிக்காக உயிர் போனவர்கள் என்பதாலும் பெயர் ஒற்றுமையாலும் பிள்ளைகள் அடிக்கடி குழம்புகிறார்கள்.

தாளமுத்துவும் நடராசனும் சென்னையில் முதலாவது இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் சிறைப்பட்டு 1939இல் இறந்தவர்கள். திருமலை நடராஜன் நம் ஊரின் பெயரால் அறியப்படுபவர். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்றபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் இருந்தது ஒரு துணி. அவரைக் கிளர்ச்சியாளர் என்று சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இந்தச் சொல்லை ஆயுதத்திடமிருந்து மீட்டெடுக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

திருமலை நடராஜனின் காலத்தில் மொழிக்காக எழுந்தவர்களை என்ன பெயரால் அழைத்தார்கள்?

தொண்டர், சத்தியாக்கிரகி, யாத்திரிகர்.

1956 ஓகஸ்ட்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. பல ஊர்களிலிருந்து தொண்டர்கள் நடந்தே வந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'திருமலை யாத்திரை'. கோணேசரைக் கும்பிட வருபவர்களுக்குரிய சொல்லை அரசியல் கோரிக்கையோடு வருபவர்களுக்குக் கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான தெரிவு. யாத்திரை போகிறவரைக் 'குழப்படிக்காரன்' என்று யார் சொல்ல முடியும்? தன் கோரிக்கைகளை நிறைவேற்ற அந்த மாநாடு அரசாங்கத்துக்கு ஒரு வருடத் தவணை கொடுத்தது. தவணை முடியும் முன்பே, 1957 யூலையில், பிரதமர் பண்டாரநாயக்காவுக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையே ஒப்பந்தம் எழுதப்பட்டது. அது மறு ஆண்டே கிழிக்கப்பட்டது வேறு கதை.

'சத்தியாக்கிரகம்' என்ற சொல் தென்னாபிரிக்காவில் பிறந்தது. அங்கு நடந்த எதிர்ப்புக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் காந்திக்குப் பிடிக்கவில்லை. பெயர் சொல்லுங்கள் என்று தன் பத்திரிகையில் கேட்டார். உறவினர் மகன்லால் 'சதாக்கிரகம்' என்றார், நல்லதைப் பற்றி நிற்றல் என்ற பொருளில். காந்தி அதைச் 'சத்தியாக்கிரகம்' என்று திருத்திக்கொண்டார். 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்ட அரசாங்கச் செயலகத்துக்கு) முன்னால் தொடங்கிய சத்தியாக்கிரகம் கிழக்குக்கும் பரவி, திருகோணமலைக் கச்சேரி வாசலிலும் சனங்கள் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகால நிலை வந்து எல்லாவற்றையும் கலைத்தது. ஒன்று கவனித்துப் பாருங்கள்: தமிழில் சத்தியாக்கிரகம் 'செய்தார்கள்' என்பதைவிடச் சத்தியாக்கிரகம் 'இருந்தார்கள்' என்பதே இயல்பாக வருகிறது, விரதம் இருப்பதைப் போல.

'புரட்சி'க்கும் 'புரட்டு'க்கும் உறவு உண்டா?

உண்டு. புரள் என்பதிலிருந்து புரட்சி. திரள் திரட்சியாவதும் வறள் வறட்சியாவதும் போல. புரட்டுவது என்றால் மேலே இருப்பதைக் கீழாக்குவது. உண்மையைத் தலைகீழாக்கிச் சொன்னால் அது 'புரட்டு'. ஆட்சியைத் தலைகீழாக்கினால் 'புரட்சி'. ஆங்கிலத்தின் 'ரெவலூஷன்' என்பதும் உருளுதலையே குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கொப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலில் அது வானக்கோளங்களின் சுழற்சிக்கான சொல்.

தமிழில் அந்தச் சொல்லுக்குப் பெரிய குரல் கொடுத்தவர் பாரதி. 1917இல் ரஷ்யாவில் ஜார் மன்னன் வீழ்ந்தபோது "ஆகாவென்று எழுந்தது பார் யுகப்புரட்சி" என்று பாடினார். அதற்குப் பிறகு கட்சித் தலைவர்களுக்கும் சினிமா நடிகர்களுக்கும் பட்டமாகி, இந்தச் சொல் நிறையத் தேய்ந்துவிட்டது. உண்மையிலேயே ஒரு ஒழுங்கு தலைகீழானபோது மட்டும் அதை எடுப்பது நல்லது.

போராளி என்ற சொல்லை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறார்களா?

இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதினால் ஒருவருக்கு ஆபத்தே வரலாம்.

'பொரு' என்றால் மோது. அதிலிருந்து போர். 'ஆளி' என்பது தொழிலாளி, உழைப்பாளி, நோயாளி ஆகியவற்றில் வருகிற அதே ஈறு. தமிழ்நாட்டில் 'சமூகப் போராளி' என்றால் உண்ணாவிரதம் இருப்பவர், வழக்குப் போடுபவர், மரம் வெட்டுவதைத் தடுப்பவர். மேடையில் மாலை போட்டு அப்படி அறிமுகம் செய்வார்கள்.

இங்கே அந்தச் சொல் 1980களிலிருந்து இயக்கங்களில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கு உரியதாகிவிட்டது. போர் முடிந்த 2009க்குப் பிறகு 'முன்னாள் போராளி', 'புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி' என்று அரசாங்கக் கடிதங்களிலும் ஏறிவிட்டது. ஆகவே மூதூரிலோ சம்பூரிலோ காணிக்காகக் குரல் கொடுக்கும் ஒரு அக்காவைச் சென்னையிலிருந்து எழுதுபவர் அன்போடு 'போராளி' என்று எழுதினால், மறுநாள் அவர் வீட்டு வாசலில் விசாரிக்க யாராவது வந்து நிற்கலாம். மரியாதை என்று நினைத்து எழுதியது அவருக்குச் சுமையாகிவிடும்.

போராளி, போராட்டக்காரர்: என்ன வித்தியாசம்?

போராட்டக்காரர் அன்றைய நாளுக்கு உரியவர். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவதைப் போல, போராட்டம் முடிந்ததும் அவர் மீனவராகவோ ஆசிரியராகவோ திரும்பிவிடுவார். போராளி என்பது முழு ஆளையும் பிடித்துக்கொள்கிற பெயர்.

2022 இதற்கு நல்ல உதாரணம். அரசாங்கத்துக்கு எதிராகக் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடியவர்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'போராட்டக்காரர்' என்றன. போராட்டம் என்று பொருள்படும் சிங்களச் சொல்லான 'அரகலய' தமிழ்ப் பேச்சிலும் புகுந்தது. மே 9இல் பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச மறுநாள் குடும்பத்தோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்தார் என்று தெரிந்ததும், தளத்தின் முன்னால் சனம் கூடியது. அவர்களையும் யாரும் போராளிகள் என்று எழுதவில்லை. சரியாகத்தான் எழுதினார்கள்.

தீவிரவாதி, பயங்கரவாதி?

'வாதி' என்றால் ஒரு கருத்துக்காக வாதிடுபவர். இந்திய தேசிய காங்கிரஸ் 1907இல் சூரத்தில் பிளந்ததைப் பற்றிப் படிக்கும்போது, திலகரின் பக்கம் நின்றவர்களைத் 'தீவிரவாதிகள்' என்றே வரலாற்றுப் பாடநூல்கள் சொல்லும். வ.உ.சிதம்பரனார் அந்தப் பக்கம் நின்றவர். அங்கே அது பழிச்சொல் இல்லை. நம் நாட்டில் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு 'பயங்கரவாதி' என்பது ஒரு சட்டப் பெயராயிற்று. ஒருவர் என்ன செய்தார் என்று நீதிமன்றம் சொல்லும் முன்பே அவருக்கு ஒட்டிவிடக்கூடிய பெயர் அது. நீங்களாக அதை எழுதாதீர்கள். யார் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

'செயற்பாட்டாளர்' சரியா, 'செயல்பாட்டாளர்' சரியா?

செயல் என்பதோடு பாடு சேர்ந்தால் புணர்ச்சி விதிப்படி 'செயற்பாடு'. இலங்கையில் அப்படியே எழுதுகிறோம். தமிழ்நாட்டில் 'செயல்பாட்டாளர்' பரவலாக இருக்கிறது. 'ஆர்வலர்' என்றும் எழுதுகிறார்கள். அது எனக்கு உவப்பில்லை. ஆர்வம் இருப்பவர் பார்வையாளராகவும் இருந்துவிடலாம்.

கலகக்காரர் என்பது வசைதானா?

பெரும்பாலும். வடமொழியிலிருந்து வந்த சொல். ஆனாலும் "நாரதர் கலகம் நன்மையில் முடியும்" என்ற பழமொழி அதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எழுத்தாளர் ஒருவரைப் பாராட்டும்போது 'கலகக்குரல்' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஊர்ப் பேச்சில் 'குழப்படிக்காரன்' என்பது சின்னப் பிள்ளைக்குச் செல்லம், பெரியவருக்குப் பழி.

எழுத்தால் மாற்றம் தேடியவர்களும் இந்தச் சொல்லுக்குள் வருவார்களா?

நிச்சயமாக. திருகோணமலையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த தி.த.சரவணமுத்துப்பிள்ளை 1892இல் 'தத்தை விடு தூது' எழுதினார். தலைவி கிளியைத் தூது விடும் பழைய வடிவம்தான். ஆனால் அதற்குள் பேசப்பட்டது பெண்ணின் விடுதலை. தூது இலக்கியம் என்று நம்பித் திறந்தவருக்கு உள்ளே வேறொன்று காத்திருந்தது. பாரதிக்கு அப்போது பத்து வயதுதான்! ஊர்வலமும் கொடியும் இல்லாத கிளர்ச்சி இது. நம் ஊர்ப் பிள்ளைகளே இவரை அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை எப்படி அழைப்பது?

செய்திகளில் அவர்கள் 'உறவினர்', 'தாய்மார்', சில வேளைகளில் 'கவலையில் வாடும் தாய்மார்'. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் தொடர் போராட்டங்களைத் தொடங்கினார்கள். திருகோணமலையிலும் படங்களை ஏந்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைக் காணாமலேயே கண்ணை மூடியவர்களும் அவர்களில் உண்டு.

'காணாமல் போனோர்' என்ற தொடரை ஏற்க மறுத்து, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்ல வைத்ததும் இவர்களின் விடாப்பிடிதான். போனார் என்றால் தானாகப் போனார். ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். அரசாங்கக் காகிதங்களுக்குள்ளும் இன்று அந்தத் தொடர் ஏறிவிட்டது. ஒரு நாட்டின் பேச்சையே மாற்றியவர்களை வெறும் 'கவலையில் வாடுபவர்கள்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. தாய்மார் என்ற பெயர் இருக்கட்டும், அவர்களே விரும்பும் பெயர் அது. ஆனால் அவர்கள் செய்ததைச் சொல்லும் இடத்தில் 'கிளர்ந்தெழுந்தார்கள்' என்ற வினையைத் தயங்காமல் போடலாம்.

செய்தி எழுதும்போது எதைத் தெரிவு செய்வது?

முடிந்தவரை பெயருக்குப் பதில் செயலை எழுதுங்கள். சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்தபடி காணியைக் கேட்டார்கள். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அங்கே கட்டப்படவிருந்த அனல்மின் நிலையத்தையும் ஊரும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தன. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இதை எழுத 'போராளி'யும் வேண்டாம், 'கலகக்காரர்' என்றும் வேண்டாம். 'காணியை மீட்கப் போராடிய சம்பூர் மக்கள்' என்றால் போதும்.

ஒருவருக்குப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவரிடமே கேளுங்கள். "அக்கா, உங்களை என்னெண்டு போட?" என்று ஒரு கேள்வி. சிலர் செயற்பாட்டாளர் என்பார்கள், சிலர் விவசாயி என்று மட்டும் போடச் சொல்வார்கள், சிலர் பெயரே வேண்டாம் என்பார்கள். அப்படி வேண்டாம் என்றால் போடாதீர்கள். தலைப்பு எழுதுபவர் மேசையில் அதை மாற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.